மலை வழிகாட்டி: அமர்த்தும் முன் அறிய வேண்டியவை

மலை வழிகாட்டி என்பவர், மலைப்பாதையிலோ பாறையிலோ பனியிலோ செல்வோரை ஊதியம் பெற்று அழைத்துச் சென்று, பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்க்கும் தொழிலாளர். வழி தெரிந்திருப்பது இவருடைய தகுதிகளில் ஒன்று மட்டுமே. காற்றின் திசை, ஓடையின் நீர்மட்டம், உடன் வருவோரின் மூச்சு, வெயில், விலங்கின் தடம் ஆகியவற்றை நடந்துகொண்டே கவனித்து, மேலே போகலாமா திரும்பலாமா என்று முடிவெடுப்பதே இவருடைய முதன்மையான வேலை. அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டா என்பதைத்தான் அமர்த்துவோர் முதலில் கேட்க வேண்டும். கட்டணம், சாப்பாடு, கூடாரம் எல்லாம் அதற்குப் பிறகு.

திருவாதவூர்ச் சுற்றுவட்டார மலைகள்

மதுரைக்கு வடகிழக்கே மேலூர் வட்டத்தில் உள்ள திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊராகவும் திருமறைநாதர் கோயில் உள்ள தலமாகவும் அறியப்பட்டது. ஊரையொட்டிய ஓவாமலைக் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. சுற்றிலும் அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவு, யானைமலை, அழகர்மலை என்று குன்றுகள் நிறைந்த நிலம் இது. இவற்றுள் பலவும் சமண முனிவர்கள் தங்கிய இடங்கள். அரிட்டாபட்டியும் அதையடுத்த மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் பரப்பு, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது.

இக்குன்றுகளில் ஏற வழிகாட்டி தேவையில்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். உயரம் குறைவு, உச்சியிலிருந்து பார்த்தால் ஊர் தெரிகிறது, கைபேசியிலும் அலைவரிசை கிடைக்கிறது. ஆனால் இங்கேயும் ஆபத்து உண்டு. அதன் வகைதான் வேறு. சித்திரை, வைகாசி மாதங்களில் மொட்டைப் பாறை காலை பத்து மணிக்கே சுடத் தொடங்கிவிடும், ஒதுங்க நிழல் இருக்காது. மழை பெய்த மறுநாள் பாசி படிந்த சரிவு வழுக்கும். குகை முகப்புகளில் மலைத்தேனீ அடை கட்டியிருக்கும். கீழே யாராவது புகை மூட்டினாலோ கல்லெறிந்தாலோ கூட்டமாகத் துரத்தும். கைவிடப்பட்ட கல்குவாரிக் குழிகளில் தேங்கிய நீரின் ஆழம் வெளியே தெரியாது. எந்தப் பாறையில் எப்போது தேனடை இருக்கும், எந்தச் சுனையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் ஆடு மேய்க்கும் உள்ளூர்க்காரருக்குத் தெரியும். அப்படி ஒருவரை அரை நாள் கூட வரச் சொல்லி, அந்த அரை நாள் கூலியை மனதாரக் கொடுப்பதே இப்பகுதிக்கு ஏற்ற முறை.

வரலாற்றைச் சொல்லித்தரும் வழிகாட்டுதலும் இங்கே வளர்ந்திருக்கிறது. எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் 2010இல் தொடங்கிய ‘பசுமை நடை’ இயக்கம், மதுரையைச் சுற்றியுள்ள மலைகளுக்கு மக்களைக் கூட்டமாக அழைத்துச் சென்று, தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோரின் விளக்கத்தைக் கேட்கச் செய்தது. கல்வெட்டின் மேல் சுண்ணாம்பால் பெயர் எழுதுவோர் மலிந்த குன்றுகளில் இத்தகைய நடைகள் செய்த நன்மை பெரிது. ஆனால் கல்வெட்டை விளக்குபவரும், காலில் சுளுக்கு ஏற்பட்டவரை இறக்கிக்கொண்டு வருபவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. குழுவில் இருவரும் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

குரங்கணி, 2018

மதுரையிலிருந்து வார இறுதியில் மலையேறக் கிளம்புவோர் பெரும்பாலும் மேற்கு நோக்கிப் போகிறார்கள்: சிறுமலை, கொடைக்கானல், மேகமலை, போடி. போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள குரங்கணி, தமிழ்நாட்டில் மலை வழிகாட்டியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நினைவுக்கு வரும் பெயராகிவிட்டது.

2018 மார்ச் 10, 11 ஆகிய நாள்களில் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்தும் வந்த இரு குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குரங்கணி மக்கள்தாம் முதலில் ஓடிப்போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள்; விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் பின்னர் வந்தன. அந்த வழியில் செல்ல முறையான அனுமதி பெறப்படவில்லை என்பது அரசுத் தரப்பின் நிலைப்பாடாக இருந்தது. அரசு விசாரணைக்கும் உத்தரவிட்டது.

அந்த மலைச்சரிவு காய்ந்த உயரமான புல் நிறைந்தது. மார்ச் மாதத்தில் அந்தப் புல்லில் ஈரமே இருக்காது. தீ சமதளத்தில் பரவுவதைவிடச் சரிவில் மேல்நோக்கி வெகுவேகமாகப் பரவும், ஏனென்றால் கீழே எரியும் சுவாலை மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது. தீயைக் கண்டவர்களுக்கு மேட்டை நோக்கி ஓடத் தோன்றுவது இயல்பு. தீயோ அந்தத் திசையில்தான் விரைந்து வரும். ஏற்கெனவே எரிந்து கருகிய இடமோ, புல் இல்லாத பாறைத்திட்டோ, ஈரமான ஓடைப்பள்ளமோ எங்கே இருக்கிறது என்பது மலையில் பிறந்து வளர்ந்தவருக்கு யோசிக்காமலேயே நினைவுக்கு வரும். அதைவிட முக்கியமாக, மார்ச் மாதத்தில் அந்தச் சரிவில் இறங்கலாமா என்ற கேள்வியைப் புறப்படும் முன்பே எழுப்பக்கூடியவர் அவர்தான்.

ஆகவே தமிழ்நாட்டு மலைக்கு ஒரு வழிகாட்டியை அமர்த்தும்போது, தீப்பருவத்தைப் பற்றி அவரிடம் கேட்டாக வேண்டும். ‘பிப்ரவரி, மார்ச்சில் போகலாமா?’ என்றதும் ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, வாங்க’ என்று சொல்பவரை விட்டுவிட வேண்டும்.

அனுமதி

தமிழ்நாட்டு மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா அல்லது புலிகள் காப்பகம். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அங்கே அனுமதியின்றி நுழைவதைத் தடுக்கின்றன. குரங்கணித் தீக்குப் பின் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் தனி விதிகள் 2018இல் வந்தன. ‘ரேஞ்சர் நமக்குத் தெரிஞ்சவர்தான்’, ‘செக்போஸ்ட்ல பேசிக்கலாம்’ என்று வழிகாட்டி சொன்னால் அது அனுமதி ஆகாது. அனுமதிச் சீட்டில் வழியின் பெயர், தேதி, ஆள்களின் எண்ணிக்கை இருக்க வேண்டும். நடக்கப்போகும் வழியும் சீட்டில் உள்ள வழியும் ஒன்றுதானா என்று நாமே படித்துப் பார்க்க வேண்டும். விபத்து நேர்ந்தால் தேடி வருபவர்கள் அந்தச் சீட்டில் உள்ள வழியில்தான் தேடத் தொடங்குவார்கள்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை, ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 மலையேற்ற வழிகளைத் திறந்து, இணையம் வழியாகப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. வழிகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டுள்ளன. குரங்கணி–சாம்பலாறு, வெள்ளியங்கிரி ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. கட்டணத்திலேயே வழிகாட்டியும் அடக்கம். பழங்குடி மக்களும் காட்டோர ஊர்களின் இளைஞர்களும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகப் பணிபுரிகிறார்கள். 2025இல் தீப்பருவத்தையொட்டிப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை வழிகள் மூடப்பட்டன. முதல் முறையாக மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்க விரும்புவோர் வேறு எங்கும் விசாரிக்காமல் இங்கிருந்து தொடங்குவது நல்லது. அனுமதி, வழிகாட்டி, பொறுப்பு மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதால் பிழை நேர வாய்ப்பு குறைவு.

கோயில் மலைகளில் நிலைமை வேறு. சதுரகிரிக்கு விருதுநகர் மாவட்டத் தாணிப்பாறையிலிருந்தும், மதுரை மாவட்டச் சாப்டூர்ப் பக்கமிருந்தும் பாதைகள் உண்டு. கூட்டத்தோடு கூட்டமாகப் போவதால் வழிகாட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. 2015 மே மாதம் அங்கே திடீர் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்த பிறகு நாள், நேரக் கட்டுப்பாடுகள் இறுகின. அடிவாரத்தில் தூறல்கூட இல்லாதபோது மேலே பெய்த மழை ஓடையில் வந்து இறங்கும். தண்ணீர் கலங்குவதும் சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும் அதன் முதல் அறிகுறிகள். அதைப் பார்த்ததும் ஓடையைக் கடக்காமல் கரையில் நிற்க வைக்கும் ஓர் ஆள் குழுவில் இருக்க வேண்டும். வயதானவர்களுடன் போவோர் மலையடிவாரத்து ஆள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது எவ்வகையிலும் வீண் செலவாகாது. வெள்ளியங்கிரியில் 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் பக்தர்கள் சிலர் நெஞ்சுவலியாலும் மூச்சுத் திணறலாலும் இறந்தார்கள். ஏறும்போதே வியர்வையையும் முகவாட்டத்தையும் கண்டு ‘இத்தோடு போதும்’ என்று சொல்ல ஒருவர் உடனிருந்தால் இம்மரணங்களில் சிலவற்றைத் தவிர்த்திருக்கலாம்.

திரும்பும் உரிமை

மலை வழிகாட்டுதல் ஒரு தொழிலாக அமைப்புப் பெற்ற கதையே, திரும்ப முடிவெடுக்கும் உரிமையைச் சுற்றித்தான் நடக்கிறது. பிரான்ஸின் சமோனி என்ற மலையூரிலிருந்து மோன் பிளாங்க் சிகரத்தை 1786இல் முதலில் ஏறியவர்கள் மிஷேல் கப்ரியேல் பக்கார் என்ற மருத்துவரும், படிகக்கல் தேடும் தொழிலாளியான ஜாக் பல்மாவும். அதன் பிறகு வெளியூர்ச் செல்வந்தர்கள் உள்ளூர்க்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி ஏறத் தொடங்கினர். 1820 ஆகஸ்டில் ஜோசப் ஹாமெல் என்பவர் தலைமையில் ஒரு குழு ஏறியது. பனி புதிதாக விழுந்திருந்தது, வானிலை சரியில்லை, திரும்பலாம் என்பது வழிகாட்டிகளின் எண்ணம். அமர்த்தியவர்களின் விருப்பமே வென்றது. சரிந்து விழுந்த பனி மூன்று வழிகாட்டிகளைப் பிளவுக்குள் தள்ளியது. அமர்த்தியவர்கள் உயிரோடு திரும்பினார்கள். பனியாறு மெல்ல நகர்ந்து, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1861இல் இறந்த வழிகாட்டிகளின் எச்சங்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்தது.

அந்த விபத்துக்கு அடுத்த ஆண்டு, 1821இல், சமோனி வழிகாட்டிகள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். முறைவைத்து வேலை பகிர்தல், இறந்தவர் குடும்பத்துக்கு உதவி நிதி ஆகியவை அதன் நோக்கங்கள். அச்சங்கம் இன்றும் இயங்குகிறது. 1965இல் உருவான பன்னாட்டு மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பு தரும் சான்று, பாறை, பனி, பனிச்சறுக்கு என எல்லாவற்றிலும் பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின் கிடைப்பது. நேபாளமும் அதில் உறுப்பினர்.

இந்தியாவில் சரிபார்க்கக்கூடியவை மலையேற்றப் பயிற்சிக் கழகங்களின் சான்றுகள். டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய இமாலய மலையேற்றக் கழகம், உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்றக் கழகம் ஆகியவை அடிப்படை, மேல்நிலை, தேடல்–மீட்பு, பயிற்றுநர் என்று படிப்படியாகப் படிப்புகளை நடத்துகின்றன. அடிப்படைப் படிப்பு முடித்தவர் நல்ல மலையேறியாக இருக்கலாம். பிறரை அழைத்துச் செல்ல அது மட்டும் போதாது. காட்டிலும் மலையிலும் செய்ய வேண்டிய முதலுதவியில் தனிப்பயிற்சி பெற்றிருக்கிறாரா, அதை எப்போது புதுப்பித்தார் என்பதையும் கேட்க வேண்டும். பாம்புக்கடிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. ‘கீறி ரத்தம் எடுப்போம்’, ‘இறுக்கிக் கட்டுவோம்’ என்று பதில் வந்தால் அவருடைய பயிற்சி பழையது அல்லது இல்லை. கடிபட்டவரை அசையவிடாமல் தூக்கி, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ஒன்றே வழி. எந்த மருத்துவமனை, எத்தனை மணி நேரம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பளியர், முதுவர், காணிக்காரர், காடர், இருளர் சமூகங்களைச் சேர்ந்த வழிகாட்டிகள் பலரிடம் காகிதச் சான்று இருக்காது. அவர்களுடைய அறிவைச் சான்று இல்லை என்பதற்காகக் குறைத்து மதிப்பது பெரும் தவறு. அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இப்படி இருக்கலாம்: ‘அண்ணே, இந்த வழியில பாதியிலேயே திரும்புனது எப்போ? எதனால?’ யானைக்கூட்டம் நின்றது, மூடுபனி இறங்கியது, வந்தவர்களில் ஒருவருக்குத் தலைசுற்றல் என்று இடமும் காரணமும் சொல்பவர் நம்பத்தக்கவர். ஒருமுறைகூடத் திரும்பியதில்லை என்பவர், ஒன்று அதிகம் போனதில்லை, அல்லது திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பியதில்லை.

இமயமலைக்குப் போகும்போது

தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ஆகவே இங்கே நடந்து பழகிய உடலுக்கு உயர நோய் என்பது பெரும்பாலும் அறிமுகமே ஆகியிருக்காது. கேதார்கந்தா போன்ற தொடக்கநிலை இமாலய நடைகளே 3,800 மீட்டரைத் தொடுகின்றன. சுமார் 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை தொடங்கலாம். முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிரைப் பறிக்கும். 3,000 மீட்டருக்கு மேல் தங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வைப்பதும் மருத்துவ வழிகாட்டுதல். விளம்பரத்தில் உள்ள நாள்வாரித் திட்டத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால், நிறுவனம் நம் உடலை நினைத்துத் திட்டமிட்டதா, விடுமுறை நாள்களை நினைத்துத் திட்டமிட்டதா என்பது தெரிந்துவிடும்.

2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சகஸ்திர தால் மலைப்பாதையில் கர்நாடகத்திலிருந்து சென்ற குழுவினரில் ஒன்பது பேர் பனிப்புயலில் சிக்கி இறந்தார்கள். கோடைக்காலம், அறிமுகமான மலைப்பாதை, வழிகாட்டிகளும் உடன் இருந்தார்கள். அங்கே நடந்ததைப் படிக்கும் எவரும் தம் பயணத்துக்கு முன் சில விவரங்களைக் கேட்காமல் இருக்கமாட்டார்கள்: எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, வானிலைச் செய்தி தினமும் எப்படி வந்து சேரும், செயற்கைக்கோள் தொலைபேசியோ கம்பியில்லாக் கருவியோ உண்டா, ஆக்சிஜன் உருளை எந்த முகாமில் இருக்கும், எத்தனை மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் திரும்புவது. சாதாரண நடைவழியில் எட்டு முதல் பத்துப் பேருக்கு ஒருவரும், அவரைத் தவிரக் கடைசி ஆளுக்குப் பின்னால் வர இன்னொருவரும் இருப்பது நல்ல ஏற்பாடு. கயிறு கட்டி ஏறும் பனிச்சிகரமானால் ஒருவருக்கோ இருவருக்கோ ஒரு வழிகாட்டி.

வெளிநாட்டு மலைகளில் சில இடங்களில் வழிகாட்டி கட்டாயம். கிளிமஞ்சாரோவில் 1991 முதல் அப்படி. நேபாளம் வெளிநாட்டு நடைப்பயணிகளுக்கு 2023 ஏப்ரலில் அவ்வாறு விதித்தது. மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள கினபாலு மலையிலும் (4,095 மீட்டர்) வழிகாட்டி இல்லாமல் ஏற முடியாது.

கட்டணமும் ஒப்பந்தமும்

பேரம் பேசிக் கூலியைக் குறைப்பவர் தம் பாதுகாப்பையே குறைத்துக்கொள்கிறார். உச்சியைத் தொட்டால்தான் முழுப் பணம் என்ற பேச்சு எந்த வடிவில் வந்தாலும் ஏற்கக்கூடாது, நாமும் சொல்லக்கூடாது. பாதியில் திரும்பினாலும் முழுக் கூலி உண்டு என்பதைப் புறப்படும் முன்பே வழிகாட்டியிடம் குழுவினர் அனைவரின் முன்னிலையில் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் நாள் மாலை மேகம் இறங்கும்போது அவர் தம் வீட்டு அரிசிக் கணக்கைப் பார்க்காமல் மேகத்தைப் பார்த்து முடிவெடுக்க அது உதவும்.

எழுத்தில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. தேதி, வழி, ஆள்கள், கூலி, முன்பணம், உணவும் தங்கலும் யார் பொறுப்பு, அனுமதிக் கட்டணம் இதில் சேர்ந்ததா, மழையாலோ தீ எச்சரிக்கையாலோ பயணம் நின்றுபோனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவற்றை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்கிக்கொண்டாலே போதும். நிறுவனம் வழியாகப் போவதானால், உடன் வரப்போகும் வழிகாட்டியின் பெயரைக் கேட்டு, அவரோடு நேரடியாக ஒருமுறை பேச வேண்டும். விற்பவர் ஒருவர், நடப்பவர் வேறொருவர் என்ற நிலையில்தான் வாக்குறுதிகள் நழுவுகின்றன. பெண்கள் தனியாகவோ குழுவாகவோ போனால் பெண் வழிகாட்டி உண்டா, கழிப்பிடம், உறங்குமிடம் எப்படி என்று தயங்காமல் கேட்கலாம். நேர்மையான வழிகாட்டி அதைக் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

மறைக்கக் கூடாதது நம் பக்கமும் உண்டு. இரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா, வலிப்பு, பழைய முழங்கால் அடி, சாப்பிடும் மாத்திரை ஆகிய அனைத்தையும் வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் கூட்டிப்போக மாட்டார்களோ என்ற அச்சத்தில் மறைப்போரால் முழுக் குழுவும் ஆபத்தில் சிக்குகிறது. சாதாரண மருத்துவக் காப்பீடுகள் பலவும் சாகச விளையாட்டுக் காயங்களை விலக்கி வைக்கின்றன. எந்த உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா என்று பத்திரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வழிகாட்டியின் நலன்

2015 ஜூன் 5 அன்று கினபாலுவில் நிலநடுக்கம் ஏற்பட்டுப் பாறைகள் உருண்டபோது 18 பேர் இறந்தனர். அவர்களில் வழிகாட்டிகளும் உண்டு. உயிர் பிழைத்த வழிகாட்டிகள், அரசு உதவி வந்து சேரும் முன்பே சிக்கியவர்களைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார்கள். இத்தனை பொறுப்புள்ள தொழிலில் இருப்பவருக்குக் காப்பீடு உண்டா என்று அமர்த்துவோர் கேட்பது அரிது. நிறுவனம் வாடிக்கையாளருக்கு மட்டும் காப்பீடு எடுத்து, வழிகாட்டியையும் சுமையாளரையும் விட்டுவிடுகிறதா என்று கேளுங்கள். விட்டுவிடுகிறது என்றால் வேறு நிறுவனம் பாருங்கள். சுமையாளர் தூக்கும் எடைக்கு வரம்பு உண்டா, இரவில் அவருக்குக் கூடாரமும் கம்பளியும் உண்டா, நாம் சாப்பிடும் சாப்பாடுதான் அவருக்குமா என்பதும் அமர்த்துபவர் அறிந்துகொள்ள வேண்டியவை. வரும் வழியில் சாராயம் கொடுத்து உபசரிப்பது சில குழுக்களிடம் உள்ள பழக்கம்; மறுநாள் காலை நம் உயிருக்குப் பொறுப்பேற்பவருக்கு அதைச் செய்யவே கூடாது.

புறப்படும் முன், வழியின் பெயரும் திரும்பும் நேரமும் வழிகாட்டியின் எண்ணும் எழுதிய குறிப்பை வீட்டில் ஒருவரிடம் விட்டுச்செல்ல வேண்டும். குறித்த நேரத்துக்குப் பின் எத்தனை மணி நேரம் காத்திருந்து 112ஐயும் வனத்துறை அலுவலகத்தையும் அழைப்பது என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும். கூலியின் மீதத் தொகையை அடிவாரத்தில், அன்றே, முழுமையாகக் கொடுத்துவிட வேண்டும்.